மலையிறங்கிய பின்னும் வந்த மலைப்படி

கொடைக்கானலில் பணிபுரியும் அரசு ஊழியரின் சம்பளப் பட்டியலில், கீழே பழனியில் இருப்பவருக்கு இல்லாத ஒரு வரி உண்டு: மலைப்படி. குளிர் மாதங்களில் குளிர்காலப் படியும் சேரும். மாறுதல் உத்தரவோடு 64 கிலோமீட்டர் மலைப்பாதையில் இறங்கிப் பழனி அலுவலகத்தில் சேர்ந்த அன்றே அந்த வரி அழிய வேண்டும். பழைய அலுவலகம் தரும் கடைசி ஊதியச் சான்றில் ஒரு குறிப்பு விட்டுப்போனாலோ, புதிய இடத்தில் பட்டியல் போடுபவர் பழைய விவரத்தை அப்படியே ஏற்றுக்கொண்டாலோ, படியும் அவரோடு கூடவே இறங்கி வந்துவிடும். மாதம் சில நூறோ ஆயிரமோதான். அகவிலைப்படி உயர்வு, ஆண்டு இன்க்ரிமென்ட், வீட்டுக் கடன் பிடித்தம் என்று மாதாமாதம் மாறும் தொகைக்குள் அது கண்ணில் படுவதில்லை. ஆடிட் வரும்போதுதான் தெரியும். அதற்குள் ஐந்தாறு வருடம் ஓடியிருக்கலாம்.

அரசுக் குடியிருப்பில் இருந்துகொண்டே வீட்டு வாடகைப்படி வாங்குவது, தேர்வு நிலை வரவேண்டிய தேதியை ஓர் ஆண்டு முன்னால் கணக்கிட்டுவிடுவது, உயர்கல்விக்கான ஊக்க ஊதிய உயர்வை இரண்டு முறைக்குப் பதில் மூன்று முறை போட்டுவிடுவது எல்லாம் இந்த வகைதான். இன்னொரு வகையும் உண்டு. ஒரே மாதச் சம்பளம் இரண்டு முறை வங்கிக்கு வந்துவிடும். வேலையை விட்டுப் போனவருக்கு அடுத்த மாதமும் பணம் ஏறும். ஒரு பூஜ்யம் கூடிவிடும். முதல் வகை மெல்லக் கசிவது, இரண்டாவது ஒரே நாளில் கொட்டுவது. இரண்டையும் சேர்த்து 'தப்பா வந்த பணம், திருப்பிக் கொடுக்கணும்' என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுகிறோம். என் பார்வையில் இந்தக் கேள்வியின் விடை பணத்தின் அளவில் இல்லை, காலத்தில் இருக்கிறது. பிழை நடந்த மறுநாள் திருப்பிக் கொடுக்கும் கடமை மறுக்க முடியாதது. கொடுத்தவர் கவனிக்காமல் இருக்கும் ஒவ்வோர் ஆண்டும் அது தேய்கிறது. இந்திய நீதிமன்றங்களும் முப்பது வருடங்களில், வழியில் பலமுறை தடுமாறி, ஏறக்குறைய இங்கேதான் வந்து நிற்கின்றன.

முதலில் எளிதான பக்கம். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 72: தவறுதலாகப் பணம் பெற்றவர் அதைத் திருப்பித் தர வேண்டும். சட்டம் அதோடு நிற்கவில்லை. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 403-ஆம் பிரிவு, இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவின் 314-ஆம் பிரிவு, பிறர் பொருளை நேர்மையற்ற முறையில் கையாள்வதைக் குற்றம் என்கிறது. தன்னுடையது என்று நம்பி எடுத்தவர் திருடர் அல்ல, பிழை தெரிந்த பிறகும் தன் செலவுக்கு எடுத்துக்கொண்டால் குற்றவாளி என்று அதற்கு ஓர் எடுத்துக்காட்டும் சட்டத்திலேயே இருக்கிறது. ஆக, 'அவங்க தப்பு, நமக்கென்ன' என்று இரண்டாவது சம்பளத்தில் வண்டி வாங்குபவர் துணிந்துதான் வாங்குகிறார்.

இந்தத் துணிச்சலுக்கு உலகம் பேசிய உதாரணம் சிலி நாட்டில் நடந்தது. 2022-இல் ஓர் உணவு நிறுவனம், மாதம் சுமார் 5 லட்சம் பெசோ வாங்கும் ஊழியர் ஒருவரின் கணக்கில் 16.5 கோடி பெசோவுக்கு மேல் போட்டுவிட்டது. வங்கிக்குப் போய்த் திருப்பிவிடுகிறேன் என்று சொன்னவர், சில நாளில் ராஜினாமா கடிதம் அனுப்பிவிட்டு மறைந்தார். 2025-இல் சாண்டியாகோ நீதிமன்றம் இது திருட்டு அல்ல என்று குற்ற வழக்கை முடித்துவைத்தது. நிறுவனம் சிவில் வழக்குதான் போட வேண்டும். கதை சுவையானது, ஆனால் நம் ஊர்ப் பிரச்சினைக்கு அது உதவாது. இங்கே பெரும்பாலும் யாரும் எங்கும் ஓடுவதில்லை. அதே நாற்காலியில் உட்கார்ந்து அடுத்த மாதப் பட்டியலுக்காகக் காத்திருப்பவரிடம்தான் பணம் கேட்கப்படுகிறது. இன்னும் மோசம், நாற்காலியை விட்டு எழுந்து போனவரிடம் கேட்கப்படுவது.

அது ஏன் ஓய்வு பெறும் நேரத்தில் வருகிறது என்பது அரசு அலுவலக நடைமுறை தெரிந்தவர்களுக்குப் புதிரில்லை. பணிக்காலம் முழுக்கப் பணிப்பதிவேட்டை யாரும் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிப்பதில்லை. ஓய்வூதியக் கருத்துரு தயாரிக்கும்போதுதான் ஒவ்வோர் இன்க்ரிமென்ட்டும் எந்த ஆணைப்படி, எந்தத் தேதியில் போடப்பட்டது என்று பார்க்கிறார்கள். 1998-இல் யாரோ ஓர் உதவியாளர் போட்ட தப்பான ஊதிய நிர்ணயம் அப்போது வெளியே வரும். அதன் மீதே அடுத்தடுத்த ஊதியத் திருத்தங்கள் எல்லாம் கட்டப்பட்டிருக்கும். அடியில் ஒரு கல்லை மாற்றினால் மேலே முழுவதும் மாற்ற வேண்டும். கணக்குப் போட்டால் லட்சத்தைத் தொடும். பணிக்கொடையில் பிடித்துக்கொள்கிறோம் என்று ஒரு கடிதம் வரும். அலுவலகத்தில் இதற்கு ஒரே சொல்தான்: ரெக்கவரி.

குடும்ப ஓய்வூதியத்தில் இது இன்னும் கொடூரமாகிறது. பணியில் இருக்கும்போதே இறந்தவரின் மனைவிக்கு முதல் சில ஆண்டுகள் உயர் விகிதத்தில் ஓய்வூதியம், பிறகு குறைந்த விகிதம். எந்த மாதத்தில் குறைக்க வேண்டும் என்பது ஆணையிலேயே எழுதியிருக்கும். அதைப் பார்த்துக் குறைக்க வேண்டியது பணம் வழங்கும் இடம். குறைக்காமல் விட்டுவிட்டுப் பல வருடம் கழித்து, எழுபதைத் தாண்டிய ஒரு அம்மாவிடம் 'நீங்கள் கூடுதலாக வாங்கிவிட்டீர்கள்' என்கிறார்கள். அவர் என்ன வாங்கினார்? கொடுத்ததை வாங்கினார்.

உச்ச நீதிமன்றம் இந்தப் பக்கம் சாயத் தொடங்கியது 1994-இல். ஷியாம் பாபு வர்மா வழக்கில், மருந்தாளுநர்களுக்கு 1973 முதல் தவறுதலாக உயர்ந்த ஊதிய விகிதம் கொடுத்துவிட்டு 1984-இல் குறைத்தார்கள். குறைத்தது சரி, ஆனால் அவர்கள் தவறு எதுவும் செய்யாதபோது ஏற்கெனவே கொடுத்ததைக் கேட்கக் கூடாது என்றது நீதிமன்றம். அதே ஆண்டில் ஹரியானா கல்லூரி நூலகர் சாகிப் ராம் வழக்கிலும் அதே நிலை: ஊழியர் பொய்த் தகவல் கொடுக்கவில்லை, பிழை கல்லூரி முதல்வருடையது. இந்த இரு தீர்ப்புகளும் சொல்லாமல் விட்ட காரணத்தை 2006-இல் கர்னல் அக்காரா வழக்கு விளக்கியது. கூடுதல் தொகையைத் திரும்பக் கேட்காதிருப்பது ஊழியரின் உரிமை அல்ல, கஷ்டத்தைத் தடுக்க நீதிமன்றம் காட்டும் சலுகை. கீழ்நிலை ஊழியர் கையில் வருவதையெல்லாம் குடும்பத்துக்கே செலவழிப்பவர், தனக்கு உரியது என்று நம்பிச் செலவழித்ததைப் பின்னாளில் பறித்தால் தாங்க மாட்டார். சட்ட வாசகத்தைவிட, மாசக் கடைசியில் பால்காரர் கணக்கு தீர்க்கும் வீட்டை அறிந்தவர் எழுதிய காரணம் அது.

2008 இறுதியில் பீகார் ஆசிரியர்களின் சையது அப்துல் காதிர் வழக்கு. விதியைத் தப்பாகப் புரிந்துகொண்டது தங்கள் அதிகாரிகள்தான் என்று அரசே ஒப்புக்கொண்டது. ரெக்கவரி கூடாது என்று சொன்ன கையோடு நீதிமன்றம் இரண்டு விதிவிலக்குகளையும் வைத்தது: கூடுதலாக வருகிறது என்று ஊழியருக்குத் தெரிந்திருந்தால் கேட்கலாம், பிழையைக் குறுகிய காலத்தில் கண்டுபிடித்துத் திருத்தியிருந்தால் கேட்கலாம். இந்த இரண்டாவது வரிதான் முழு விவாதத்தின் அச்சாணி என்பேன். நீதிமன்றங்கள் பின்னால் அதிகம் பேசியது என்னவோ முதல் வரியைத்தான்.

2012 ஆகஸ்டில் காற்று திரும்பியது. உத்தராகண்ட் ஆசிரியர்களின் சண்டி பிரசாத் உனியால் வழக்கில், இது வரி கட்டுபவர்களின் பணம், கொடுத்த அதிகாரிக்கும் சொந்தமில்லை, வாங்கியவருக்கும் சொந்தமில்லை, மோசடி இருந்ததா இல்லையா என்பது பொருட்டே அல்ல என்றது நீதிமன்றம். தவணைகளில் பிடிக்க அனுமதித்தது. மத்திய அரசின் பணியாளர் துறை 2014 பிப்ரவரியில் அதையே சுற்றறிக்கையாக்கியது. இந்த வாதத்தைக் கேலி செய்துவிட முடியாது. பழனியில் அதன் எடை இன்னும் தெளிவாகத் தெரியும். தண்டாயுதபாணி சுவாமி தேவஸ்தானத்தின் ஊழியர்களுக்குச் சம்பளம் போவது கோயில் நிதியிலிருந்து. தைப்பூசத்துக்குக் காவடி எடுத்து நடந்து வந்தவர் உண்டியலில் போட்ட காசும் அதில் இருக்கிறது. 'சிவன் சொத்து குல நாசம்' என்று வளர்ந்த ஊரில், கூடுதலாக வாங்கிய சம்பளத்தை 'அதிகாரி தப்பு' என்று எளிதில் வைத்துக்கொள்ள மனசு வராது. பொதுப் பணம் என்பது வெறும் வழக்கறிஞர் வாதம் இல்லை. ஆனால் அதே பொதுப் பணத்தைப் பார்த்துக்கொள்ளச் சம்பளம் வாங்குபவர்கள் பத்து வருடம் பார்க்கவில்லை என்பதை உனியால் தீர்ப்பு ஏன் தராசில் வைக்கவில்லை என்பது எனக்கு விளங்கவில்லை.

இரு தரப்புத் தீர்ப்புகளும் மோதுகின்றன என்று மூன்று நீதிபதிகள் முன் போன வழக்கு, 2014 ஜூலையில் மோதல் ஏதும் இல்லை என்ற விடையோடு திரும்பி வந்தது. அதன்பின் 2014 டிசம்பர் 18 அன்று நீதிபதிகள் கேஹரும் அருண் மிஸ்ராவும் கொடுத்த தீர்ப்புதான் இன்று ஒவ்வொரு ரெக்கவரி மனுவிலும் முதல் பக்கத்தில் இருப்பது: பஞ்சாப் அரசு எதிர் ரஃபீக் மசீஹ். வழக்கின் தலைப்பிலேயே அடைப்புக்குறிக்குள் 'ஒயிட் வாஷர்' என்று இருக்கிறது. ஒரு வெள்ளையடிப்பவர். ஐந்து சூழல்களில் பணத்தைத் திரும்பப் பிடிக்கக் கூடாது என்றது தீர்ப்பு. மூன்றாம், நான்காம் நிலை ஊழியர்களிடம் கூடாது. ஓய்வு பெற்றவரிடமும் ஓராண்டுக்குள் ஓய்வு பெறப் போகிறவரிடமும் கூடாது. ரெக்கவரி ஆணைக்கு முன் ஐந்து ஆண்டுக்கு மேல் கொடுத்துவந்த கூடுதல் தொகையாக இருந்தால் கூடாது. தவறுதலாக மேல் பதவியின் வேலையை வாங்கிக்கொண்டு அதற்கான சம்பளம் கொடுத்திருந்தால் கூடாது. கடைசியாக, எந்த வழக்கிலும் பிடித்தம் செய்வது கொடுமை என்று நீதிமன்றம் கருதினால் கூடாது. மத்திய பணியாளர் துறை 2016 மார்ச் 2 அன்று இதை ஏற்றுச் சுற்றறிக்கை விட்டது, ஆனால் தள்ளுபடிக்கு நிதித்துறையின் செலவினப் பிரிவு ஒப்ப வேண்டும் என்ற வாலோடு.

தீர்ப்பு நல்ல தீர்ப்பு. அதன் கணக்குதான் இடிக்கிறது. நான்கு வருடம் பதினொரு மாதம் தூங்கிய அலுவலகம் கேட்கலாம், ஐந்து வருடம் ஒரு மாதம் தூங்கியது கேட்கக் கூடாது. 1963-ஆம் ஆண்டுக் காலவரம்புச் சட்டப்படி சாதாரணக் கடனுக்கே மூன்று வருடத்தில் வழக்குரிமை போய்விடும்போது, ஊழியரிடம் மட்டும் ஏன் ஐந்து? வழக்குப் போட வேண்டிய அவசியமே முதலாளிக்கு இல்லை என்பதுதான் உண்மையான பதில். சம்பளப் பட்டியல் அவர் கையில். பிடித்துவிட்டால் போதும், வழக்குப் போட வேண்டியவர் தொழிலாளி ஆகிவிடுகிறார்.

அடுத்த ஓட்டை உறுதிமொழிப் படிவம். 2016 ஜூலையில் ஜக்தேவ் சிங் வழக்கு வந்தது. ஹரியானாவில் நீதித்துறை அதிகாரியாக இருந்தவர் திருத்திய ஊதியத்தைத் தேர்வு செய்யும்போதே, கூடுதலாக வந்தால் திருப்பித் தருகிறேன் என்று எழுதிக் கொடுத்திருந்தார். ஓய்வுக்குப் பின் சுமார் 1.22 லட்சம் ரூபாய் கேட்கப்பட்டது. எழுதிக் கொடுத்தவர் கட்டுப்பட்டவர், ரஃபீக் மசீஹின் ஓய்வு பெற்றோர் பாதுகாப்பு அவருக்கு இல்லை என்று கூறி, இரண்டு வருடத் தவணையில் பிடிக்க உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. ஒரு நீதிபதிக்கு அது பொருந்தலாம். ஆனால் ஊதியக் குழு பரிந்துரைகள் அமலாகும் ஒவ்வொரு முறையும் விருப்பப் படிவத்தோடு அச்சடித்த உறுதிமொழியையும் நீட்டுகிறார்கள். கையெழுத்துப் போடாவிட்டால் புதிய சம்பளம் வராது. துப்புரவுப் பணியாளரும் போடுகிறார், துணை ஆட்சியரும் போடுகிறார். அந்தக் காகிதம் எல்லோருடைய கோப்பிலும் இருக்கும்போது, கீழ்நிலை ஊழியருக்கு ஒரு தீர்ப்பு கொடுத்ததை அடுத்த தீர்ப்பைக் காட்டி அலுவலகம் திரும்ப எடுத்துக்கொள்ளப் பார்க்கிறது. இந்த முடிச்சை உச்ச நீதிமன்றம் இன்னும் முழுதாக அவிழ்க்கவில்லை.

ஆனாலும் அண்மைக்காலத் தீர்ப்புகள் ஊழியர் பக்கமே. கேரள ஆசிரியர் தாமஸ் டேனியல் 1999-இல் ஓய்வு பெற்றவர். பணிக்காலத்தில் தவறாகப் போட்ட இன்க்ரிமென்ட்டுக்காக அவரிடம் கேட்ட பணம் வேண்டியதில்லை என்ற தீர்ப்பு வந்தது 2022 மே 2 அன்று. ஓய்வுக்குப் பின் 23 வருடம். 2025 ஏப்ரலில் கட்டாக் மாவட்ட நீதிமன்றத்தின் சுருக்கெழுத்தர்கள் வழக்கு, ஜோகேஸ்வர் சாஹூ. ஆளுக்கு இருபதாயிரத்திலிருந்து நாற்பதாயிரம் ரூபாய் வரை, ஓய்வு பெற்று மூன்று வருடம் கழித்துக் கேட்கப்பட்டது. அதற்காக உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். கேட்ட தொகையைவிட டெல்லிக்குப் போய்வந்த செலவு குறைவாக இருந்திருக்குமா என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

திண்டுக்கல் மாவட்டத்துக்காரருக்கு அந்த அளவு தூரமில்லை. 2004 ஜூலை முதல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இருக்கிறது. பழனியிலிருந்து காலை பஸ் ஏறினால் வேலை முடித்து ராத்திரிக்குள் வீடு திரும்பலாம். அங்கே ரெக்கவரி வழக்குகள் பெரும்பாலும் எளிய கேள்வியிலேயே திரும்புகின்றன: பிடிப்பதற்கு முன் நோட்டீஸ் கொடுத்தீர்களா? இதற்கும் ஒரு பழைய வேர் உண்டு. ரயில்வேயில் கார்டாக இருந்த பகவான் சுக்லாவின் அடிப்படைச் சம்பளம் 1970-இல் 190 ரூபாய் என நிர்ணயிக்கப்பட்டது. 1991-இல் ஒரு வார்த்தை கேட்காமல் அதை 181 ஆக்கினார்கள், பின்தேதியிட்டு. ஒன்பது ரூபாய் வித்தியாசம்தான். பாதிக்கப்படுபவரைக் கேட்காமல் குறைக்க முடியாது என்று 1994-இல் உச்ச நீதிமன்றம் அந்த ஆணையை ரத்து செய்தது. அலுவலகங்கள் இதை இன்னும் மறந்துகொண்டே இருக்கின்றன.

இதுவரை சொன்னதெல்லாம் அரசு ஊழியருக்கு. கொடைக்கானல் விடுதிகளில் வேலை செய்பவருக்கும், தாண்டிக்குடி, பெரும்பாறை காபித் தோட்டங்களில் பழம் பறிப்பவருக்கும் ரஃபீக் மசீஹ் யாரென்றே தெரியாது. தெரிந்தாலும் அந்தத் தீர்ப்பு தனியார் முதலாளியை அப்படியே கட்டாது. அங்கே பேசுவது வேறு சட்டம். 1936-ஆம் ஆண்டின் ஊதியம் வழங்கல் சட்டம், கூலியில் எதையெல்லாம் பிடிக்கலாம் என்ற பட்டியலில், முன்பணத்தைத் திரும்பப் பெறுவதையும் கூடுதலாகக் கொடுத்த கூலியைச் சரிக்கட்டுவதையும் ஒரே உட்பிரிவில் வைத்தது. மொத்தப் பிடித்தம் கூலியில் பாதியைத் தாண்டக் கூடாது என்ற வரம்பும் வைத்தது. 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்த ஊதியத் தொகுப்புச் சட்டம் இரண்டையும் தொடர்கிறது. முன்பு மாதம் 24,000 ரூபாய் வரை வாங்குவோருக்கே இருந்த பாதுகாப்பு இப்போது எல்லா ஊழியருக்கும்.

முன்பணமும் மிகைக்கூலியும் ஒரே வரியில் இருப்பது காகிதத்தில் சாதாரணம். தோட்டத்தில் அப்படியல்ல. பண்டிகைக்கும் பிள்ளை கல்யாணத்துக்கும் முன்பணம் வாங்கி உழைத்துக் கழிப்பது அங்கே வழக்கம். நோட்டுப் புத்தகம் கங்காணியிடமோ எழுத்தரிடமோ இருக்கும். எது கடன், எது கணக்குப் பிழை என்று கூலிக்காரருக்குத் தெரியாது. 'போன தடவை கூட வந்துருச்சும்மா, இந்த வாரம் கழிச்சுக்கறோம்' என்று சொன்னால் தலையாட்டுவதைத் தவிர வழியில்லை. ஐந்து வருடம், நோட்டீஸ், பாதி வரம்பு என்று எந்தப் பாதுகாப்பும் அந்தச் சனிக்கிழமை சம்பளத்துக்குள் நுழைவதில்லை. ரெக்கவரி பற்றிய நம் சட்டம் முழுவதும், சம்பளச் சீட்டு வைத்திருப்பவர்களுக்காக எழுதப்பட்டது.

வேலையை விட்டுப் போகும் தனியார் ஊழியர் ஒன்றை மட்டும் தெரிந்துவைத்திருப்பது நல்லது. கூடுதலாகக் கொடுத்துவிட்டோம் என்று சொல்லி வருங்கால வைப்பு நிதியில் கைவைக்க நிறுவனத்துக்கு அதிகாரம் இல்லை. 1952-ஆம் ஆண்டுச் சட்டமே அந்தத் தொகைக்கு வேலி போட்டிருக்கிறது.

வெளிநாட்டில் இதே கேள்வி இன்னும் பழையது. 1825-இல் இங்கிலாந்தில் ஸ்கைரிங் என்ற ராணுவ அதிகாரியின் கணக்கில் கூடுதல் சம்பளத்தை வரவு வைத்த முகவர்கள், அவருக்கு அது உரியதல்ல என்று தங்களுக்குத் தெரிந்த பிறகும் வருடக்கணக்கில் சொல்லவில்லை. வருமானம் இவ்வளவு என்று நம்பி வாழ்க்கையை அமைத்துக்கொண்டவரிடம் பின்னால் கேட்க முடியாது என்று நீதிமன்றம் மறுத்தது. அக்காரா தீர்ப்பு சொன்னதைக் கிட்டத்தட்ட இருநூறு வருடம் முன்பே சொல்லிவிட்டார்கள், அதுவும் ஒரு மேஜருக்கு. கனடாவில் 2016-இல் வந்த ஃபீனிக்ஸ் என்ற சம்பளக் கணினி முறை, கூட்டாட்சி ஊழியர் பலருக்குக் குறைவாகவும் பலருக்குக் கூடுதலாகவும் போட்டுத்தள்ளியது. அங்கேதான் இன்னொரு நியாயமான கேள்வி எழுந்தது: எவ்வளவு திருப்பித் தருவது? கையில் வந்தது வரி போக மிஞ்சியது, அரசு கேட்டது வரிக்கு முந்தைய முழுத் தொகை. 2019-இல் சட்டத்தைத் திருத்தி, கையில் வந்ததை மட்டும் கொடுத்தால் போதும் என்று வழி செய்தார்கள்.

இங்கே அப்படித் தனி ஏற்பாடு இல்லை. ஆகவே கூடுதல் பணம் வந்தது தெரிந்த உடனே சொல்வது நேர்மைக்காக மட்டுமல்ல, தன் நன்மைக்காகவும்தான். அதே நிதியாண்டுக்குள் சரிசெய்தால் சம்பளம், வரிப்பிடித்தம், வைப்பு நிதிப் பங்கு எல்லாம் மார்ச்சுக்குள் நேராகிவிடும். ஆண்டு தாண்டி, திருத்திய கணக்குத் தாக்கல் செய்யும் கெடுவும் தாண்டிவிட்டால், திருப்பிக் கொடுத்த பணத்துக்குக் கட்டிய வரி போனது போனதுதான். வாயால் சொல்லாமல் எழுத்தில் கொடுக்க வேண்டும், பட்டியல் போடும் அலுவலருக்கு. மாத வாரியாக எவ்வளவு கூடியது என்று கணக்குக் கேட்க வேண்டும். 'மொத்தம் இவ்வளவு' என்ற ஒற்றை எண்ணை ஒப்புக்கொள்ளக் கூடாது. அப்படிக் கணக்குப் போடும்போது, கொடுக்க மறந்த அரியர் ஒன்று மறுபக்கத்தில் கிளம்புவதும் உண்டு. தவணை கேட்கலாம், அரசுத் துறைகளில் தயங்காமல் கொடுக்கிறார்கள். கட்டிய பிறகு நிலுவையின்மைச் சான்று வாங்காமல் நகரக் கூடாது. பணிப்பதிவேட்டில் பதிவாகாத ரெக்கவரியை ஓய்வு பெறும்போது மறுபடியும் பிடிக்கிறார்கள்.

பழைய பிழை என்றால் கதை வேறு. நோட்டீஸ் வந்ததும் பயந்துபோய் 'பிடித்துக்கொள்ளச் சம்மதம்' என்று எழுதிக் கொடுப்பவர்கள் நிறையப் பேர். மேலதிகாரி மேஜைக்கு எதிரில் நின்றுகொண்டே எழுதியது அது. அந்தக் கடிதம் பின்னால் ஜக்தேவ் சிங்கின் உறுதிமொழி போல வந்து எதிரில் நிற்கும். பதில் சொல்ல அவகாசம் கேட்பதும், தான் எந்தப் பொய்த் தகவலும் தரவில்லை என்பதையும் தன் பணி நிலையையும் ஓய்வுத் தேதியையும் அந்தப் பதிலில் குறிப்பிடுவதும் யாரையும் எதிர்ப்பதாகாது.

தணிக்கைப் பத்திகள் ஒரு விஷயத்தில் மட்டும் மௌனமாக இருக்கின்றன. கூடுதலாக வாங்கியவரின் பெயர், பதவி, காலம், தொகை எல்லாம் ரூபாய் பைசா சுத்தமாக இருக்கும். தப்பாக நிர்ணயம் செய்தவர், அதைச் சரிபார்த்துக் கையெழுத்திட்டவர், இடையில் வந்த தணிக்கைகளில் கண்டுகொள்ளாமல் கடந்தவர் யாரும் இருக்க மாட்டார்கள். அவர்களிடமிருந்து பிடிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அவர்களும் அதே சம்பளக்காரர்கள், மலைப்படிக்கும் சமவெளிக்கும் நடுவில் நூறு ஆணைகளைத் தலையில் சுமப்பவர்கள். தமிழ்நாடு அரசின் களஞ்சியம் செயலியில் இப்போது ஊழியர் தன் சம்பளச் சீட்டைக் கைபேசியிலேயே பார்க்கலாம். பணியிடம் மாறியதும் அந்த இடத்துக்குப் பொருந்தாத படியைக் கணினி தானே நிறுத்தி, ஊழியருக்கும் பட்டியல் போடுபவருக்கும் ஒரு குறுஞ்செய்தி அனுப்புவது பெரிய வேலை இல்லை.